அறுத்த நெல்வயலில் வலசைப் பறவைகளுக்கு நீர் தேக்கி நிறுத்துவது எப்படி

சதுப்பு நிலங்கள் சுருங்கிப்போன பகுதிகளில், குளிர்காலத்துக்கு வந்து இறங்கும் வாத்துகளுக்கும், சேற்றை அலகால் துழாவி இரை தேடும் உள்ளான்களுக்கும் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் நெல்வயல்தான். அதில் இரை கிடைக்குமா என்பதை, அறுவடை முடிந்த முதல் சில நாட்களில் நாம் செய்யும் வேலையே தீர்மானிக்கிறது.

அறுத்த கையோடு உழுதால் சிந்திய நெல் மண்ணுக்குள் போய்விடும். அறுத்த பயிரின் தாளைக் கொளுத்தினால் நெல்லும் கருகும். கலிபோர்னியாவில் தாள் எரிப்பைக் குறைக்க 1991இல் சட்டம் வந்த பிறகு, தாள் மட்குவதற்காகக் குளிர்காலத்தில் நீர் நிறுத்தும் பழக்கம் பரவியது. நோக்கம் என்னவோ தாளை ஒழிப்பதுதான். பலன் வாத்துகளுக்கும் போய்ச் சேர்ந்தது.

உயர் மின்கம்பி குறுக்கே போகாத வயலாகப் பாருங்கள். மங்கலான வெளிச்சத்தில் இறங்கும் பறவைகள் கம்பியில் மோதும். உழாமல், தாளை நறுக்கி உருளையால் அமுக்கிவிடுங்கள். தாள் உயரமாக நின்றால் உள்ளான் இறங்காது, எதிரி வருவது அதற்குத் தெரியாது. பிறகு மடையைத் திறக்கலாம்.

ஆழத்தில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். சிறு உள்ளான்களுக்கும் உப்புக்கொத்திகளுக்கும் ஈரச்சேறு முதல் 5 செ.மீ. வரை போதும். ஊசிவால் வாத்து, கிளுவை போன்றவை தலையை மட்டும் நீருக்குள் கவிழ்த்து மேய்பவை. அவற்றுக்கு 10 முதல் 20 செ.மீ. 30ஐத் தாண்டினால் இரண்டு கூட்டத்துக்கும் பயனில்லை. செ.மீ. குறித்த குச்சியை மேட்டில் ஒன்று, பள்ளத்தில் ஒன்று என நடுங்கள். லேசர் கருவியால் சமன்செய்த வயலில் ஆழம் எங்கும் ஒன்றாகவே இருக்கும். அங்கே பாத்திக்குப் பாத்தி நீர்மட்டத்தை மாற்றி வையுங்கள்.

சில வாரம் கழித்து ஒரு கைப்பிடிச் சேற்றை அள்ளி நீரில் கரைத்துப் பாருங்கள். நூல்போல் நெளியும் சிவப்புப் புழுக்கள் தெரிந்தால் உள்ளானுக்கு இரை தயார். அதன்பின் வாரம் 2 அல்லது 3 செ.மீ. வீதம் வடியுங்கள். ஒரேயடியாக வடித்தால் சேறு இறுகி, அலகு இறங்காது. எல்லாப் பாத்தியையும் ஒரே வாரத்தில் வடிப்பதும் தப்பு.

வெயில் ஏறும் நாட்களில் தேங்கிய நீர் ஆபத்து. கழுத்துத் துவண்டு பறக்கமுடியாமல் கிடக்கும் வாத்து, போட்டுலிசம் என்ற பாக்டீரியா நஞ்சின் அறிகுறி. செத்த பறவையில் நெளியும் புழுவைத் தின்னும் அடுத்ததும் சாகும். வெறுங்கையால் தொடாமல், கால்நடை மருத்துவருக்குச் சொல்லிவிட்டு, அவர் சொல்கிறபடி உடனே அப்புறப்படுத்துங்கள். சூடான பருவத்தில் நீரை நிறுத்தியே வைத்தால், புவியைச் சூடாக்கும் மீத்தேன் வாயுவும் கூடும்.

நஞ்சு விஷயத்தில் சலுகையே கூடாது. மருந்து கலந்த விதை வரப்பில் சிந்தினால் மண்போட்டு மூடுங்கள். குருணை மருந்தைப் பறவை விதையென்று பொறுக்கும். 1995–96இல் அர்ஜென்டினாவில் வெட்டுக்கிளிக்கு அடித்த மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து, வட அமெரிக்கக் குளிருக்குத் தப்பி அங்கு வந்த ஸ்வெய்ன்சன் பருந்துகளை ஆயிரக்கணக்கில் கொன்றது.

பக்கத்து வயலில் இளங்கோதுமை நின்றால் காட்டு வாத்துகள் அங்கே மேயும். அந்த எல்லையை ஒட்டிய பாத்தியை மட்டும் காயவிட்டு, நீரைத் தள்ளி நிறுத்துங்கள்.