ஏப்ரலில் கிரீட் தீவுக்குப் போகிறீர்களா? ஹோட்டல் பார்க்கும் முறை

கொழும்பிலிருந்து மத்தியதரைக் கடல் தீவுக்கு ஹோட்டல் தேடுகிற பலரும் பெந்தோட்டைக்குத் தேடுவது மாதிரியே தேடுகிறார்கள். நீச்சல் குளம் இருக்கிறதா, கடல் தெரியுமா, ஏசி உண்டா, காலையில் பஃபேயா, அவ்வளவுதான். ஜூலை, ஓகஸ்டில் போகிறவர்களுக்கு அது சரிவரும். ஆனால் பள்ளிக்கூட விடுமுறை, சித்திரைப் புத்தாண்டு, சில வருடங்களில் பெரிய வெள்ளியும் சேர்ந்து ஏப்ரலில்தான் எங்களில் பலருக்கு ஒரேயடியாக லீவு கிடைக்கிறது. அந்த நேரம் அங்கே வசந்தகாலம். அப்போது கேட்க வேண்டியவை வேறு: அறைக்குள் வெயில் வருமா, இரவில் சூடு போட முடியுமா, சுற்றிவர சாப்பாட்டுக் கடை திறந்திருக்குமா. கிரேக்கத்தைச் சேர்ந்த கிரீட்டை வைத்தே சொல்கிறேன், மால்டா, சிசிலி, மயோர்க்கா என்று எங்கே போனாலும் இதில் பாதிக்கு மேல் பொருந்தும்.

ஏப்ரலில் கிரீட்டின் ஹனியா நகரில் பகலில் 20 பாகை சொச்சம், இரவில் 12 பக்கம் இறங்கும். ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியா போய் வந்தவர்களுக்கு அந்தக் குளிர் எப்படி என்று சொல்லத் தேவையில்லை, கிட்டத்தட்ட அதேதான். கடல் தண்ணீர் 17 பாகை. கல்கிசையில் 28 பாகைத் தண்ணீரில் குளித்துப் பழகிய பிள்ளைகள் கணுக்கால் நனைந்ததும் திரும்பி ஓடி வந்துவிடும். மே கடைசியில்தான் கடல் 20ஐத் தாண்டும். ஆகவே ஏப்ரலில் கடற்கரையை ஒட்டிய ஹோட்டல் என்பதற்காகவோ பெரிய குளம் இருக்கிறது என்பதற்காகவோ காசு கூடக் கொடுப்பது வீண். குளத்துத் தண்ணீரைச் சூடாக்குவதாக எழுதியிருந்தாலும் எந்தத் தேதியிலிருந்து சூடாக்குகிறார்கள் என்று கேளுங்கள், சில இடங்களில் நீங்கள் போகும்போது குளத்தில் தண்ணீரே விட்டிருக்க மாட்டார்கள்.

அடுத்தது எங்கள் ஊர்க்காரருக்கு இலேசில் தோன்றாத ஒன்று. நாங்கள் இருப்பது பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில், வட அகலக்கோடு 7 பாகையில். ஏப்ரல் முற்பாதியில் சூரியன் உச்சிக்கு நேர் மேலே வந்து நிற்கும், அதனால் அறை எந்தப் பக்கம் பார்த்தால் என்ன, எப்படியும் வேகும். கிரீட் இருப்பது 35 பாகையில். அங்கே நடுப்பகலிலும் சூரியன் தெற்கே சாய்ந்துதான் நிற்கும். ஆனால் ஹனியா, ரெத்திம்னோ, ஹெராக்லியோன் என்று பெரிய ஊர்களும் பெரும்பாலான ஹோட்டல்களும் இருப்பதோ வடக்குக் கரையில். அதாவது, கடல் தெரியும் அறை என்று கூடுதல் காசு கொடுத்து எடுத்தால் உங்களுக்குக் கிடைப்பது வடக்குப் பார்த்த பல்கனி. பகல் முழுக்க நிழல், கடல் காற்று மட்டும் அள்ளிக்கொண்டு போகும், இரண்டாம் நாள் யாரும் அதன் கதவைத் திறக்க மாட்டார்கள். பின்பக்கம் தோட்டத்தையோ மலையையோ பார்த்த அறைதான் விலையும் குறைவு, வெயிலும் அங்கேதான். ஹனியாவில் தெற்குப் பக்கம் மறைப்பில்லாத அறை கிடைத்தால் வெள்ளை மலைத்தொடரின் உச்சியில் ஏப்ரலிலும் பனி கிடப்பது தெரியும், எங்கள் பிள்ளைகளுக்குக் கடலைவிட அதுதான் புதினம். ஹோட்டலின் பெயரை கூகுள் மேப்பில் போட்டு, செயற்கைக்கோள் படத்தில் கட்டடம் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்று பார்த்தால் போதும், இரண்டு நிமிட வேலை.

ஏசி இருக்கிறது என்றால் சூடும் வரும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சிறிய ஹோட்டல்கள் சிலவற்றில் மாரிகாலம் முடிந்ததும் ஹீட்டிங்கை நிறுத்திவிடுவார்கள், மிச்சம் சுவரில் இருக்கும் ஏசிதான். அதன் ரிமோட்டில் பனிப்பூப் படத்துக்குப் பக்கத்தில் சூரியப் படமும் இருந்தால் சூடு வரும். வீட்டில் குளிர் மட்டும் தரும் ஏசியோடு வாழ்கிற எங்களில் பலர் அந்த பட்டனை அமத்திப் பார்த்ததே இல்லை. பதிவு செய்யுமுன் ஹோட்டலுக்கு நேரே ஒரு மின்னஞ்சல் போடுங்கள். நாங்கள் வரும் தேதியில் அறையைச் சூடாக்க முடியுமா, தெற்குப் பார்த்த அறை தர முடியுமா, அந்தத் தேதியில் உங்கள் சாப்பாட்டுக்கூடம் திறந்திருக்குமா, இந்த மூன்றும் போதும். பதில் வரும் விதத்திலேயே ஹோட்டல் எப்படிப்பட்டது என்று பாதி தெரிந்துவிடும்.

இனி, கிரீட்டில் ஏப்ரலில் எது திறந்திருக்கும் என்பது தனிக் கதை. ஹெர்சோனிசோஸ், மாலியா, எலூந்தா, பிளதானியாஸ் போன்ற கடற்கரை ரிசார்ட் பகுதிகள் மாரிகாலத்தில் கடையைப் பூட்டிவிட்டு வசந்தத்தில் மெல்ல மெல்லத் திறக்கிறவை. ஏப்ரல் தொடக்கத்தில் போனால் ஹோட்டல் திறந்திருக்கும், ஆனால் அதன் முன்னால் உள்ள தெருவில் ஒருவர் ஏணியில் ஏறி நின்று பலகைக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருப்பார், பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் கதிரைகள் மேசைமேல் கவிழ்ந்து கிடக்கும். திறந்த முதல் வாரத்தில் விலை குறைவாக இருக்கும், கேட்டால் பெரிய அறைகூடத் தரலாம் என்பது உண்மைதான், ஆனால் வேலையாட்களும் புதிது. பல இடங்கள் திறப்பதை கிரேக்க ஒர்தொடொக்ஸ் ஈஸ்டரை ஒட்டி வைத்துக்கொள்கின்றன. பல வருடங்களில் அது எங்கள் ஈஸ்டர் தேதி அல்ல: 2026இல் ஏப்ரல் 12, 2027இல் மே 2. 2028இல் மட்டும் இரண்டும் ஒரே நாளில், ஏப்ரல் 16. அந்த வார இறுதியில் கிரேக்கர்களே ஊருக்கும் தீவுகளுக்கும் கிளம்பிவிடுவார்கள், அதனால் பழைய நகரங்களில் அறைகள் நிரம்பும், விலை ஏறும், கப்பலிலும் இடம் கிடைப்பது கஷ்டம். ஈஸ்டர் ஞாயிறு அரும்பொருட்சாலைகளும் பூட்டு. சனி நள்ளிரவில் கோயில் வாசலில் மெழுகுதிரியும் வெடியுமாக நடக்கும் கொண்டாட்டத்தைப் பார்க்க ஆசையென்றால் அந்த வாரத்துக்கு முதலிலேயே அறை எடுங்கள், இல்லையென்றால் அந்த வாரத்தை விட்டுவிடுங்கள்.

அதனால் ஏப்ரலுக்கு என் தெரிவு ரிசார்ட் அல்ல, வருடம் முழுக்க ஆட்கள் வாழ்கிற ஊர். ஹனியா முதலிடம். வெனிஸ்காரர் காலத்துத் துறைமுகத்தைச் சுற்றிய பழைய நகரம் பார்க்க அழகுதான், ஆனால் துறைமுகத்துக்கு நேர் மேலே அறை எடுத்தால் இரவுச் சத்தம். உள்ளே தள்ளி ஸ்பிளாந்சியா பக்கம் அமைதி. மேற்கே நடக்கும் தூரத்தில் நியா ஹோரா, அங்கே மணல் கடற்கரையும் உள்ளூர்க்காரர் சாப்பிடும் மீன் கடைகளும் உண்டு, குடும்பத்தோடு போனால் அதுதான் தோது. ரெத்திம்னோ ஹனியாவுக்கும் ஹெராக்லியோனுக்கும் நடுவில், பழைய நகரத்தை விட்டு வெளியே வந்ததும் நீண்ட கடற்கரை தொடங்கிவிடும். ஹெராக்லியோன் அழகு குறைவான ஊர், ஆனால் அரும்பொருட்சாலையும் 5 கிலோமீற்றரில் க்னோசோஸ் அரண்மனையும் இருப்பதால் மழை பெய்தாலும் நாள் வீணாகாது. விமான நிலையம் ஊரோடு ஒட்டி இருப்பதால் நகரின் கிழக்குப் பக்கத்து ஹோட்டல்களை மட்டும் தவிர்த்தால் நல்லது. தீவு நீளம் 260 கிலோமீற்றர் என்பதை மறக்க வேண்டாம், ஹனியாவிலிருந்து ஹெராக்லியோனுக்கு பஸ்ஸில் மூன்று மணி நேரம் எடுக்கலாம். ஒரே ஹோட்டலில் இருந்து முழுத் தீவையும் பார்க்கிறேன் என்று கிளம்பினால் விடுமுறை பஸ்ஸிலேயே முடியும். இரண்டு ஊர், இரண்டு ஹோட்டல். சமாரியா பள்ளத்தாக்கில் 16 கிலோமீற்றர் நடக்கும் எண்ணம் இருந்தால் அது வழக்கமாக மே தொடக்கத்தில்தான் திறக்கும், அதற்காக ஏப்ரலில் மலைப்பக்கம் அறை எடுக்க வேண்டாம்.

அம்மம்மாவையோ அப்பம்மாவையோ கூட்டிக்கொண்டு போகிறவர்கள் பழைய நகரத்துக் கல் வீடுகளை இரண்டு தடவை யோசித்து எடுங்கள். படத்தில் மரப் படிக்கட்டு அழகாக இருக்கும், நேரில் அது செங்குத்து, லிப்ட் கிடையாது. கார் உள்ளே வராத ஒழுங்கைகள், வாடகைக் கார் விடும் இடத்திலிருந்து சூட்கேஸைக் கல் பாவிய தெருவில் இழுக்க வேண்டும். வசந்தத்தில் அந்தத் தடித்த சுவர்கள் உள்ளே குளிரைப் பிடித்து வைத்திருக்கும். வயதானவர்கள் இருந்தால் புதிய கட்டடம், லிப்ட், தெருவோரம், இதற்கு மேல் வேறு அழகு வேண்டாம். ஓர் அறையில் இருவர் என்று பதிந்துவிட்டு நான்கு பேர் போய் நிற்கலாம் என்று நினைக்கவும் வேண்டாம், ஒவ்வொருவர் பாஸ்போர்ட்டையும் கேட்பார்கள். பிள்ளைகளின் வயதைச் சரியாகப் போட்டு குடும்ப அறை தேடினால் பல இடங்களில் அதிகம் கூடாது.

சாப்பாடு. குசினி உள்ள அறை, கிரேக்கத்தில் இவை நிறையக் கிடைக்கும், ஒருவேளையாவது சோறு வேண்டும் என்கிற வீட்டுக்கு இதுதான் நிம்மதி. சின்ன ரைஸ் குக்கரைக் கொண்டுபோகலாம், ஆனால் எங்கள் மூன்று முள் பிளக் அங்கே செருகாது, இரண்டு உருண்டை முள் அடப்டர் வேண்டும் (மால்டாவிலும் சைப்பிரஸிலும் இந்தத் தொல்லை இல்லை, அங்கே எங்கள் சதுர முள் பிளக்கேதான், வாகனமும் இடப்பக்கம்). இறைச்சி, பால் பொருட்களை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோக விட மாட்டார்கள், பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது, தேங்காய்க்கு விலக்கு உண்டு என்பது வேடிக்கை. மரக்கறிக்காரருக்கு ஒரு நல்ல செய்தி: ஈஸ்டருக்கு முந்திய நோன்புக் காலத்தில் பெரும்பாலான சாப்பாட்டுக் கடைகளில் இறைச்சி, முட்டை, பால் இல்லாத உணவு கிடைக்கும். நிஸ்திசிமா என்று கேளுங்கள். பெரிய அவரை, பருப்பு மசியல், சோறு அடைத்த திராட்சை இலை, காட்டுக் கீரை என்று வரும். ஒன்றுதான் கவனம், கணவாயும் இறாலும் அவர்களுக்கு நோன்புச் சாப்பாட்டில் சேர்த்தி, அவை வேண்டாம் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும்.

விசாவுக்கும் ஹோட்டலுக்கும் உள்ள முடிச்சை அவிழ்க்காமல் காசு கட்ட வேண்டாம். எங்கள் பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா, அதாவது ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா வேண்டும், பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முடிவு வழக்கமாக 15 நாளில், சிலருக்கு 45 நாள் வரை போகும். அதனால் இலவசமாக ரத்துச் செய்யக்கூடிய அறையை மட்டும் எடுங்கள், ரத்துக்கான கடைசி நாள் பயணத்துக்கு மிகக் கிட்டவாக இருப்பதைப் பார்த்து. கொஞ்சம் விலை கூடத்தான். விசா கிடைக்காவிட்டால் அந்த வித்தியாசம் ஒன்றுமே இல்லை. பதிவில் போகிற எல்லோருடைய பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். எங்களுக்குத் தகப்பன் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால் என்று வருவதால் பதிவுத் தளம் ஒன்றை வெட்டி முதலெழுத்தாக்கிவிடும், அப்படியானால் முழுப்பெயரோடு உறுதிக் கடிதம் தரும்படி ஹோட்டலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பாரிஸில் சித்தப்பா வீட்டில் பத்து நாள், கிரீட்டில் ஐந்து நாள் என்றால் விண்ணப்பம் பிரான்சுக்கு, கிரேக்கத்துக்கு அல்ல.

விலையைப் பார்க்கும்போது கண்ணில் படாத ஒரு செலவு உண்டு. கிரேக்கத்தில் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு என்று ஒரு காலநிலை வரி, அதைப் பெரும்பாலும் ஹோட்டலில்தான் கட்டவேண்டி வரும். 2025 முதல் ஏப்ரலிலிருந்து ஒக்டோபர் வரை ஒன்று, இரண்டு நட்சத்திரத்துக்கு 2 யூரோ, மூன்றுக்கு 5, நான்குக்கு 10, ஐந்துக்கு 15. நான்கு நட்சத்திரத்தில் இரண்டு அறை, ஏழு இரவு என்றால் 140 யூரோ. தெற்கு வெயில் விழும் இரண்டு நட்சத்திரத்தில் அதே கணக்கு 28 யூரோ. அங்கே கார்ட் தேய்க்கும்போது யூரோவா ரூபாயா என்று மெஷின் கேட்டால் யூரோவையே அமத்துங்கள், ரூபாய் என்றால் விகிதத்தை அவர்கள் போடுவார்கள். வங்கியின் ஓடிபி உங்கள் இலங்கை நம்பருக்குத்தான் வரும், ரோமிங் போடாமல் விமானம் ஏறினால் ஓடிபி கேட்கும் பதிவு எதையும் அங்கிருந்து செய்ய முடியாது.

விமர்சனங்களைப் புதியது முதல் என்று வரிசைப்படுத்தினால் ஏப்ரலில் போகிறவர்களுக்கு வருவது போன ஒக்டோபர் ஆட்கள் எழுதியதுதான். இன்னும் கீழே போய், முந்திய வருடங்களில் ஏப்ரல், மே எழுதியவற்றை மட்டும் வாசியுங்கள், குளிர், ஹீட்டிங், சுடுதண்ணீர் என்ற சொற்களைத் தேடி. கிரேக்கத்தில் பல கூரைகளில் சூரியச் சுடுநீர்த் தொட்டிதான், மப்பான நாளில் மின்சாரத்தில் சூடாக்க வசதி இருக்கிறதா என்பது அந்த விமர்சனங்களில்தான் தெரியும். இன்னொன்று, யாரும் எழுத மாட்டார்கள்: கழிவறையில் கழுவுவதற்கு அங்கே ஸ்பிரே கிடையாது, பல இடங்களில் கடதாசியைக்கூடக் கழிவறைக் கோப்பைக்குள் போடக் கூடாது, பக்கத்துக் கூடையில்தான் போட வேண்டும். சூட்கேஸில் தண்ணீர் அள்ளிக் கழுவ ஒரு பிளாஸ்டிக் கோப்பைக்கு இடம் வையுங்கள். சிசிலி போகிறவர்களுக்கு இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை, இத்தாலிக்காரர் பாத்ரூமில் கழுவுவதற்கென்றே தனித் தொட்டி வைப்பவர்கள்.

கொழும்பிலிருந்து நேரடி விமானம் இல்லை. டோஹா, டுபாய், இஸ்தான்புல் என்று எங்காவது மாறி ஏதென்ஸ், அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குள் விமானம், அல்லது பிரேயுஸ் துறைமுகத்தில் இரவுக் கப்பல். கப்பல் அறை ஓர் இரவு ஹோட்டல் காசை மிச்சப்படுத்தும், ஆனால் விடியற்காலையில் கொண்டுபோய் இறக்கிவிடும், ஹோட்டல் அறை பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்குத்தான். காலையிலேயே வருகிறோம், பெட்டிகளை வைத்துவிட்டு முகம் கழுவ இடம் தருவீர்களா என்று முதல் நாளே எழுதிக் கேட்டுவிடுங்கள், ஏப்ரலில் ஹோட்டல் பாதி காலியாக இருப்பதால் அறையையே திறந்து கொடுத்துவிடுவதும் உண்டு.