ரோமானியர் முறையில் ஒரு கடிதம் எழுதிப் பார்க்கலாம்

பண்டைய ரோமானியப் பெரிய மனிதர்களின் கடிதங்களைப் படிக்கப் புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, அதே முறையில் நீங்களும் ஒன்று எழுதிப் பாருங்கள் என்பதுதான். எழுதும்போதுதான் அவர்களுடைய நட்பும் குடும்பமும் பிடிபடும். நமக்கு வழிகாட்டி, ரோமின் அரசியல்வாதியும் பேச்சாளருமான சிசரோ (கி.மு. 106–43). நண்பர் அட்டிகஸுக்கு அவர் எழுதியவை மட்டுமே 16 தொகுதிகள் இருக்கின்றன. அட்டிகஸின் பதில்கள் கிடைக்கவில்லை. தொலைபேசியில் ஒருவர் பேசுவதை மட்டும் கேட்பதுபோல் இருக்கும்.

படி 1: ஆளைத் தேர்ந்தெடுங்கள்

பக்கத்தில் இல்லையே என்று நீங்கள் ஏங்குகிற ஒருவர் வேண்டும். கையாலேயே எழுதுங்கள். கி.மு. 59-இல் வேலை மிகுதியால் ஒரு கடிதத்தைச் சொல்லி எழுதவைத்த சிசரோ, என் கையால் எழுதாத கடிதத்தை இதற்கு முன் நீ படித்திருக்கமாட்டாய் என்று அட்டிகஸிடம் குறிப்பிடுகிறார். கையெழுத்து மாறியதற்கே விளக்கம் சொல்ல வேண்டிய நெருக்கம்!

படி 2: முதல் வரி

எழுதுகிறவர் பெயர் முதலில், பெறுகிறவர் பெயர் அடுத்து. 'துல்லியஸ், தன் தெரன்சியாவுக்கும் துல்லியாவுக்கும் சிசரோவுக்கும் நலம் கூறுகிறான்.' துல்லியஸ் என்பது சிசரோவின் குலப்பெயர். மற்றவர்கள் மனைவி, மகள், மகன்; மகனுக்கும் சிசரோ என்றே பெயர். அந்தத் 'தன்' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். நீங்கள் எழுதினால்: 'குமரன், தன் செல்விக்கு நலம் கூறுகிறான்.'

படி 3: நலம் விசாரிப்பு

'நீ நலமாயிருந்தால் நல்லது, நான் நலம்.' நம்முடைய 'நலம், நலமறிய ஆவல்' மாதிரிதான். எல்லோரும் எழுதியதால் முதலெழுத்துகளாகவே சுருக்கிவிட்டார்கள். நெருங்கிய நண்பருக்கு என்றால் இது வேண்டாம்; அட்டிகஸிடம் சிசரோ நேரே விஷயத்துக்கு வந்துவிடுவார்.

படி 4: விஷயம்

இங்கேதான் புதியவர்கள் தயங்குவார்கள். எழுத ஒன்றுமில்லை என்றால் வாய்க்கு வந்ததை எழுது என்று கி.மு. 61-இல் அட்டிகஸிடம் சிசரோ சொன்னதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

வீட்டு விஷயமும் எழுதலாம். சிசரோவின் தம்பி குயின்டஸ், அட்டிகஸின் தங்கை பொம்போனியாவை மணந்திருந்தார். கி.மு. 51-இல் ஒரு மதிய உணவின்போது, பெண்களை நீ அழை என்று கணவர் அன்பாகத்தான் சொன்னார். 'நானே இங்கே விருந்தாளிதானே' என்றார் பொம்போனியா. பந்தியில் உட்காரவில்லை. குயின்டஸ் அனுப்பிய உணவையும் திருப்பிவிட்டார். நடந்ததை ஒன்றுவிடாமல் அட்டிகஸுக்கு எழுதி, தங்கைக்குப் புத்தி சொல்லச் சொல்கிறார் சிசரோ. உன் தங்கை இப்படி நடந்துகொண்டாள் என்று ஒளிக்காமல் எழுத எவ்வளவு நம்பிக்கை வேண்டும்!

சொல்லாமல் விடுவதும் பேசும். கி.மு. 58-இல் நாடுகடத்தப்பட்டபோது, உங்களுக்கு எழுதும்போது கண்ணீர் தாங்க முடியவில்லை என்று குடும்பத்துக்கு எழுதியவர், கி.மு. 47 அக்டோபரில் தெரன்சியாவுக்கு எழுதியது சில வரிகள்தான்: வருகிறேன், என்னோடு சிலர் வரலாம், குளியலறையில் தொட்டி இல்லையென்றால் வைக்கச் சொல். எப்படி இருக்கிறாய் என்று ஒரு சொல் இல்லை. அதற்கப்புறம் கொஞ்ச காலத்திலேயே மணவிலக்கு. இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் படித்த அன்று எனக்கு மனசு கனத்துவிட்டது.

படி 5: காலம்

படிக்கிறவரின் நேரத்திலிருந்து எழுதுவது அவர்கள் வழக்கம். 'மழை பெய்கிறது' அல்ல, 'இதை எழுதியபோது மழை பெய்துகொண்டிருந்தது.'

படி 6: முடிப்பு

'உடம்பைப் பார்த்துக்கொள்' என்று எழுதி, நாளும் ஊரும் சேருங்கள். நாளைப் பின்னோக்கி எண்ண வேண்டும்: மாதத்தின் நடுநாளுக்கு 'ஈட்ஸ்' என்று பெயர்; மார்ச்சில் அது 15 என்பதால், மார்ச் 13 என்பது 'ஈட்ஸுக்கு மூன்றாம் நாள்'. இரு முனைகளையும் சேர்த்தே எண்ணுவார்கள்.

படி 7: அனுப்புதல்

மடித்து, நூலால் கட்டி, முத்திரையிடுங்கள். பொதுமக்களுக்கான அஞ்சல் அப்போது இல்லை. வீட்டு அடிமைகளிடமோ அந்தப் பக்கம் போகிறவரிடமோ கொடுத்தனுப்பினார்கள். தாம் அடிமைநிலையிலிருந்து விடுதலை செய்த தீரோ கி.மு. 50-இல் கிரேக்கத்தின் பத்ராஸ் நகரில் நோயுற்றுத் தங்கியிருந்தபோது, தினமும் துறைமுகத்துக்கு ஆள் அனுப்பு, கடிதம் கொண்டுவர யாராவது கிடைப்பார்கள், பத்ராஸ் போகிற ஒருவரையும் நானும் விடமாட்டேன் என்று எழுதினார் சிசரோ. உங்கள் கடிதத்தையும் அப்படியே, அந்த ஊருக்குப் போகிற ஒருவரைத் தேடிக் கொடுத்தனுப்புங்கள்.