கிளைக்கு நேர் கீழே நிற்காதீர்கள்: பேட்டரி ரம்பத்தில் நடக்கும் தவறுகள்

பெங்களூரில் கோடை மழை சும்மா வராது, காற்றையும் கூட்டிக்கொண்டுதான் வரும். போன மே மாதம் அப்படி அடித்த காற்றில், லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டு மாமரத்தின் ஒரு கிளை பிளந்து மொட்டை மாடிப் பக்கம் சாய்ந்துவிட்டது. மச்சான் எஸ்.பி. ரோட்டில் புதிதாக வாங்கிய, பேட்டரியில் ஓடும் 'போல் சா' (pole saw) எனும் கம்பு ரம்பத்தோடு வந்தார். இழுத்தால் நீளும் கம்பு, அதன் நுனியில் 'பார்' (bar) எனும் 8 அங்குல இரும்புப் பட்டை, அதைச் சுற்றி ஓடும் செயின். "இதுல என்ன மச்சான் பயம், பேட்டரிதானே" என்றார்.

ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. பாதி அறுந்த கிளை பட்டையை உரித்துக்கொண்டு தொங்கியது. ரம்பத்தை அப்படியே கவ்விக்கொண்டு, கம்போடு சேர்ந்து அவர் பக்கம் ஆடி வந்தது. அவர் நின்றிருந்தது கிளைக்கு நேர் கீழே. கம்பை விட்டுவிட்டுச் சட்டென்று ஒதுங்கியதால் தோளில் ஒரு கீறலோடு தப்பித்தார்.

பெட்ரோல் ரம்பம் போடும் சத்தமே ஆளைத் தள்ளி நிற்க வைக்கும். பேட்டரி ரம்பத்தில் அந்தச் சத்தமும் இல்லை, புகையும் இல்லை, வயரும் இல்லை. அதனால் பயமும் போய்விடுகிறது. செயினின் பல் என்னவோ அதே பல்தான்.

முதல் தவறு நிற்கும் இடம். கம்பு தரையோடு 60 டிகிரிக்கு மேல் நிமிரக் கூடாது என்று பெரும்பாலான கையேடுகள் சொல்கின்றன. அதற்கு மேல் நிமிர்ந்தால் நீங்கள் கிளைக்கு அடியில் போய்விட்டீர்கள் என்று அர்த்தம். எட்டவில்லை என்று ஏணி மேலோ நாற்காலி மேலோ ஏறி அறுப்பது இன்னும் மோசம். எட்டாத கிளையை விட்டுவிடுங்கள். கிளை விழுந்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்று முன்பே பார்த்து, அந்த வழியில் கிடக்கும் பூந்தொட்டி, பைப் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள்.

மற்றவர்கள் 15 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பார்கள், அதாவது சுமார் 50 அடி. நம் ஊர் வீட்டு மனையே 30-க்கு 40 அடிதான்! அப்படியென்றால் தெருவும் பக்கத்து வீட்டு வாசலும் உங்கள் கணக்கில் வந்துவிட்டன. கேட் பக்கம் ஒருவரை நிறுத்தாமல் ஆரம்பிக்காதீர்கள். ஸ்கூல் விட்டு வரும் பிள்ளைக்கு மேலே என்ன நடக்கிறது என்று தெரியாது.

அப்புறம் அறுக்கும் முறை. மேலிருந்து ஒரே மூச்சில் அறுத்தால் கிளை தன் பாரத்தில் ஒடிந்து, தண்டு வரை பட்டையைக் கிழித்துவிடும். மச்சானுக்கு நடந்ததும் இதுதான். நீளக் கிளையை நுனியிலிருந்து இரண்டு மூன்று அடித் துண்டுகளாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். கடைசித் துண்டில், தண்டிலிருந்து ஒரு அடி தள்ளி, முதலில் கீழ்ப்பக்கம் கால் பங்கு ஆழத்துக்கு ஒரு வெட்டு. அதற்குச் சற்று வெளியே மேலிருந்து முழு வெட்டு. மிஞ்சும் கட்டையைக் கடைசியாக எடுக்கலாம், ஆனால் தண்டை ஒட்டி மழுங்க எடுக்காதீர்கள். கிளை தண்டோடு சேரும் இடத்தில் கழுத்துப் போல ஒரு புடைப்பு இருக்கும். அதை விட்டு வெட்டினால்தான் மரம் தன் காயத்தைத் தானே மூடிக்கொள்ளும்.

செயின் முழு வேகத்துக்கு வந்த பிறகே கிளையில் வையுங்கள். பாரின் நுனி எதிலும் இடிக்க வேண்டாம், ரம்பம் உதைத்துத் திரும்பும். சிக்கிக்கொண்டால் பிடித்து இழுக்காமல், பட்டனை விட்டு, பேட்டரியைக் கழற்றிவிட்டு அப்புறம் பாருங்கள். செயினை இறுக்கும்போதும் இதே விதிதான். இன்னொன்று: வேலை நடுவில் சூட்டில் தொய்ந்த செயினை அப்போதே முறுக்கி வைத்தால், ஆறியதும் அது சுருங்கி பாரை நெரிக்கும். ஆற விட்டு இறுக்குங்கள். செயின் எண்ணெய் பெரும்பாலும் ரம்பத்தோடு ஊற்றி வராது, நாம்தான் ஊற்ற வேண்டும்.

தலைக்கவசமும் கண்ணாடியும் இல்லாமல் மேலே பார்த்து அறுக்காதீர்கள். தூள் மட்டுமா விழுகிறது? மாமரத்தின் பால் தோலில் பட்டாலே புண்ணாக்கும், கண்ணில் பட்டால் கேட்கவே வேண்டாம். குளவிக் கூடு, முசுறு எறும்புக் கூடு இருக்கிறதா என்று முதலில் மரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள்.

மின்கம்பி விஷயத்தில் சமரசமே கிடையாது. இந்த ரம்பத்தின் கம்பு மின்சாரத்தைத் தடுக்காது. நம் தெருக்களில் கேபிள், இன்டர்நெட் வயர், மின்கம்பி மூன்றும் ஒரே கிளைக்குள் பின்னிக் கிடக்கும், எது எது என்று கீழிருந்து தெரியாது. 10 அடிக்குள் போகவே கூடாது, சில கம்பெனிக் கையேடுகள் 50 அடி தள்ளச் சொல்கின்றன. கிளை கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தால் மின்சாரம் வழங்கும் பெஸ்காமுக்கு 1912 என்ற எண்ணில் சொல்லுங்கள். மரம் தெருவோரத்தில் இருந்தால் அது மாநகராட்சி வனப்பிரிவின் வேலை. சொந்த மனையில் இருந்தாலும், 1976-ஆம் வருடக் கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டம் இருப்பதால், மர அலுவலரிடம் கேட்டுவிட்டே கை வையுங்கள்.

மற்ற மெஷின்களில் நான் தவறுகளை அடிக்கடி பார்ப்பது இரும்பு அறுக்கும் ஆங்கிள் கிரைண்டரில். 4 அங்குல கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று வாக்கில் சுற்றும். அதன் பாதுகாப்பு மூடியைக் (guard) கழற்றி எறிந்துவிட்டு, மரம் அறுக்கும் பல் பிளேடை மாட்டுகிறார்கள். பல் மரத்தில் மாட்டினால் மெஷின் கையை விட்டு எகிறி உடம்பின் மேல்தான் வரும். தயவுசெய்து செய்யாதீர்கள். ட்ரில் மெஷினில் தொளதொள நூல் கையுறை வேண்டாம், பிட்டில் சுற்றிக்கொள்ளும். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலும் கீழும் சுவரில் துளை போடாதீர்கள், வயர் அந்த வழியாகத்தான் போகும்.

பேட்டரி வேலை முடிந்து சூடாக இருக்கும்போதே சார்ஜரில் போடாதீர்கள். உப்பிப் போனதையும் கீழே விழுந்து விரிசல் விட்டதையும் திரும்பச் சார்ஜ் செய்ய வேண்டாம், குப்பைத் தொட்டியிலும் போடக் கூடாது, மின்கழிவு வாங்குபவரிடம் கொடுங்கள்.

எங்கள் கிளையின் அடிப்பாகம் பாரின் நீளத்தைவிடத் தடிமன். அதை நாங்கள் தொடவில்லை. மறுநாள் மரம் ஏறுகிற இரண்டு பேர் வந்து, கயிறு கட்டி, துண்டு துண்டாக இறக்கினார்கள். மச்சான் அந்த ஒரு மணி நேரமும் கேட்டை விட்டு நகராமல் தெருவில் வருகிறவர்களை நிறுத்திக்கொண்டிருந்தார்.