வீடியோ கேமை விடாமலே சமாளித்த கதை

"பிள்ளை பிறந்த பிறகும் கேமா?" என்று அக்கா கேட்டபோது, விட்டுவிடலாமா என்று நானும் யோசித்தேன். யோசித்ததில் சிக்கல் எங்கே என்று பிடிபட்டது: ஆன்லைன் தரவரிசை ஆட்டங்கள். அவற்றை நடுவில் நிறுத்த முடியாது. பாதியில் கிளம்பினால் அணிக்கும் நட்டம், நம் கணக்குக்கும் தண்டனை. மகள் அழுதால் எழுந்து போக முடியாத பொழுதுபோக்கு வீட்டுக்கு ஆகாது.

சரி, அந்த வகையை மட்டும் நீக்கினேன். இப்போது நின்டெண்டோ ஸ்விட்ச் என்ற கையடக்க கேம் கருவியில் ஸ்டார்டியூ வேலி என்ற விவசாய ஆட்டம். அதில் ஒரு நாள் என்பது சுமார் 14 நிமிடம். நம் பாத்திரம் தூங்கப் போனதும் ஆட்டம் சேமிக்கப்படும். இடையில் யாராவது கூப்பிட்டால் கருவியை உறங்கவிட்டால் போதும், விட்ட இடத்தில் அப்படியே நிற்கும். சிங்கப்பூரில் யீஷூனில் எம்ஆர்டி ரயில் ஏறினால், ராஃபிள்ஸ் பிளேஸ் வருவதற்குள் இரண்டு நாள் விவசாயம் முடிந்துவிடும். ஹெட்ஃபோன் மட்டும் கட்டாயம்.

"இந்த வயதிலும் கேமா?" என்று வயதைக் காரணம் காட்டுவதை நான் ஏற்கவில்லை. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 என்ற நோய் வகைப்பாட்டுப் பட்டியலில் கேமிங் கோளாறு இருக்கிறது. அது பார்ப்பது வயதை அல்ல; கட்டுப்பாடு இழப்பதையும், மற்ற வேலைகளை விட ஆட்டமே பெரிதாவதையும், கெடுதல் வந்தும் தொடர்வதையும்தான். அந்த நிலை வந்தால் தயங்காமல் உதவி தேட வேண்டும். எனக்கு வரவில்லை. மகள் கொஞ்சம் வளர்ந்ததும் அவளுக்கும் ஒரு கன்ட்ரோலர் வாங்குவேன்.