பட்டை ஏன் மூலைக்கு ஓடுகிறது? சிஎஸ்எஸ் பொசிஷன், முதல் பாடம்

மன்னார்குடியில் விதைநெல் விற்கும் எங்கள் மாமாவுக்கு ஒரு இணையப் பக்கம் செய்துகொண்டிருந்தேன். மாப்பிள்ளைச் சம்பா படத்தின் மேல் ‘தீர்ந்துவிட்டது’ என்று ஒரு சிவப்புப் பட்டை ஒட்ட வேண்டும். ஒட்டினால், அது படத்தை விட்டுவிட்டுப் பக்கத்தின் வலது உச்சிக்குப் போய்விட்டது. சிஎஸ்எஸ் (இணையப் பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் மொழி) பழகும் யாரும் ஒருநாள் இதில் மாட்டுவார்கள், அதனால் இதையே செய்து பார்க்கலாம். கட்டளைகளை ஃபைலில் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். கிளாஸ் பெயரை மட்டும் தமிழிலேயே வைக்கலாம், ஃபைலை யூடிஎஃப்-8 (தமிழ் எழுத்தும் அடங்கும் குறியீட்டு முறை) ஆகச் சேமித்தால் போதும், எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

முதலில் ஒரு டிவ், அதாவது ஒரு பெட்டி, கிளாஸ் ‘நெல்’, விட்த் 300 பிக்சல். அதற்குள் படம், விட்த் 100 சதவீதம். படத்துக்கு அடுத்து ஒரு ஸ்பான், அதாவது எழுத்தைப் பொதியும் சிறு உறை, கிளாஸ் ‘பட்டை’. பொசிஷன் எதுவும் சொல்லாததால் இப்போது எல்லாமே ஸ்டாட்டிக், மடை திறந்த தண்ணீர் மாதிரி எழுதிய வரிசையில் இறங்கி வரும். டாப், ரைட் என்று எது கொடுத்தாலும் ஸ்டாட்டிக் அசையாது.

அடுத்து, பட்டைக்கு பொசிஷன் ரிலேட்டிவ், டாப் 10 பிக்சல் கொடுங்கள். இருந்த இடத்திலிருந்து 10 பிக்சல் கீழே நகரும், ஆனால் பழைய இடம் அதன் பேரிலேயே காலியாகக் கிடக்கும்.

சரி, இனிதான் விஷயம். ரிலேட்டிவை அப்சல்யூட் ஆக்கி, டாப் 8 பிக்சல், ரைட் 8 பிக்சல் என்று மாற்றுங்கள். பட்டை வரிசையை விட்டு முழுசாக வெளியேறி, எதை வைத்து 8 பிக்சல் அளப்பது என்று தன்னைச் சூழ்ந்த டிவ்களை உள்ளிருந்து வெளியே ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டு போகும், ஸ்டாட்டிக் அல்லாத ஒன்று கிடைத்தால் அதுதான் அதற்கு வரப்பு, கிடைக்கவில்லை என்றால் பக்கத்தின் உச்சியிலிருந்தே அளந்துவிடும். எனக்கு நடந்தது அதுதான். ‘நெல்’ டிவ்வுக்கு பொசிஷன் ரிலேட்டிவ் என்று ஒரே ஒரு வரி போடுங்கள். டாப், ரைட் எதுவும் வேண்டாம், அதனால் டிவ் நகராது. பட்டை படத்தின் மூலைக்கு வந்துவிடும்.

அப்சல்யூட் கைவந்ததும் பக்கம் முழுவதையும் அதிலேயே அடுக்கத் தோன்றும். தயவுசெய்து வேண்டாம், எழுத்தைப் பெரிதாக்கினால் ஒன்றின் மேல் ஒன்று ஏறிவிடும். அடுக்குவதற்கு ஃபிளெக்ஸ், கிரிட் இருக்கின்றன.

ஃபிக்ஸட் என்பது திரையோடு ஒட்டியிருப்பது. ‘போன் செய்ய’ பட்டனுக்கு பாட்டம் 0 கொடுத்து வைத்தேன். பாடிக்கு, அதாவது பக்கம் முழுவதற்கும், பட்டனின் உயரம் அளவு பாட்டம் பேடிங்கும் (அடியில் உள் இடைவெளி) கொடுங்கள், இல்லாவிட்டால் கடைசி நெல் அதன் பின்னால் மறைந்துவிடும்.

ஸ்டிக்கி, மாமாவின் பட்டியலுக்கென்றே செய்த மாதிரி. குறுவை, சம்பா, தாளடி மூன்றையும் தனித்தனி செக்‌ஷனாக்கி, தலைப்புகளுக்கு பொசிஷன் ஸ்டிக்கி, டாப் 0. குறுவைப் பட்டியல் முடியும்வரை ‘குறுவை’ உச்சியில் நிற்கும், பிறகு சம்பா வந்து அதைத் தள்ளிவிடும். நிற்கவில்லையா? டாப் எழுதினீர்களா, அதைச் சூழ்ந்த ஏதாவது டிவ்வில் ஓவர்ஃப்ளோ ஹிட்டன் (வெளியே வழிவதை மறைக்கும் கட்டளை) இருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசியாகப் பக்கத்தைப் போனில் திறந்து பாருங்கள். போனுக்காக டிவ்வின் 300 பிக்சலைக் குறைத்தால் ‘தீர்ந்துவிட்டது, பதிவு செய்க’ போன்ற நீளமான பட்டை இரண்டு வரியாக மடியும், நான் ‘தீர்ந்தது’ என்று சுருக்கிவிட்டேன்.