வயிற்றுக்குள் துடிப்பு: வீட்டிலும் லேபர் வார்டிலும் என்ன கவனிக்க வேண்டும்

பென்னாகரம் பக்கம் கிராம நர்ஸாக இருக்கிறேன். குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்கும் டாப்ளர் கருவியைக் கர்ப்பிணியின் வயிற்றில் வைத்ததுமே, "எவ்ளோ ஓடுதுங்கம்மா?" என்பார்கள். நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை ஓடினால் சரி. வேகமாக ஓடினால் பெண் குழந்தை என்று மாமியார்கள் போடும் கணக்கை நம்பாதீர்கள். ஒன்பது, பத்து வாரத்தில் எந்தக் குழந்தைக்கும் 170 பக்கம் ஓடும். மாதம் ஏற ஏறத் தானாகக் குறையும்.

வயிற்றைத் தடவி, குழந்தையின் முதுகு எந்தப் பக்கம் என்று பார்த்து அங்கே டாப்ளரை வைப்பேன். இன்னொரு கை தாயின் நாடியில் இருக்கும். இரண்டும் ஒரே வேகத்தில் ஓடினால், கேட்பது தாயின் ரத்த ஓட்டம். ஆன்லைனில் டாப்ளர் வாங்கி வீட்டில் வைத்துப் பார்ப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். அசைவு குறைந்த அன்றைக்கு, "சத்தம் கேக்குதே" என்று படுத்துவிடுவார்கள்.

28 வாரத்துக்கு மேல் அசைவுதான் உங்கள் கையில் இருக்கும் மிஷின். புளி சீசனில் நாளெல்லாம் உட்கார்ந்து புளி உடைக்கும் பெண்ணிடம், "இன்னிக்கு அசைஞ்சுதா?" என்றால், "கவனிக்கலைங்க" என்கிறாள். சாப்பிட்டுவிட்டு இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து, வயிற்றில் கை வையுங்கள். உதைப்பது, புரள்வது எல்லாம் கணக்கு, விக்கல் கணக்கில்லை. இரண்டு மணி நேரத்தில் பத்து வராவிட்டாலோ, வழக்கத்தைவிடக் குறைவாகத் தோன்றினாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிட்டுக் கிளம்புங்கள். கடைசி மாதத்தில் இடமில்லாமல் அசைவு குறையும் என்பது வெறும் பேச்சு.

சரி, வலி வந்துவிட்டது. சிக்கல் ஏதும் இல்லாதவர்களுக்கு விட்டு விட்டுக் கேட்டாலே போதும்: வலி நன்றாகப் பிடித்த பிறகு 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒரு முறை, முக்கும் நேரத்தில் 5 நிமிடத்துக்கு ஒரு முறை. ஒவ்வொரு முறையும் வலி விட்ட உடனே ஒரு முழு நிமிடம் கேட்க வேண்டும். வலியில் கர்ப்பப்பை இறுகும்போது குழந்தைக்குப் போகும் ரத்தம் குறையும். தெம்பான குழந்தை அதைத் தாங்கிக்கொள்ளும். திணறும் குழந்தைக்கு வலி விட்ட பிறகும் துடிப்பு இறங்கியே இருக்கும்.

பிபி, முந்தைய சிசேரியன், வலியை வரவைக்க ஏற்றும் டிரிப்ஸ், பச்சையாகப் போகும் பனிக்குட நீர் என்று ஏதாவது இருந்தால் சிடிஜி போடுவார்கள், துடிப்பையும் வலியையும் தொடர்ந்து கோடாகப் பதியும் மிஷின் அது. இப்படிப்பட்டவர்களைத் தருமபுரி மெடிக்கல் காலேஜுக்கு அனுப்பும்போது வீட்டார் மறுத்துப் பேசாதிருந்தால் நேரம் மிச்சம். வயிற்றில் இரண்டு பெல்ட்: ஒன்று துடிப்புக்கு, ஒன்று வலிக்கு. துடிப்புக் கோடு ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்குவது நல்லது. குழந்தை தூங்கினால் 40 நிமிடம் வரைகூடத் தட்டையாக ஓடலாம். அதற்கு மேலும் நீண்டால் டாக்டர் பார்க்க வேண்டும். எண் திடீரென மறைந்தால் பெரும்பாலும் பெல்ட் நழுவியிருக்கும். எதற்கும் நர்ஸைக் கூப்பிடுங்கள். மல்லாந்து படுக்காதீர்கள், பெரிய ரத்தக்குழாய் அழுந்தும்.

அப்புறம், வார்டுக்குள் நுழையும்போதே தாய் சேய் அட்டையைக் கையில் கொடுத்து, கடைசியாக எப்போது அசைவு தெரிந்தது என்று கேட்காமலேயே சொல்லிவிடுங்கள்.