45 டிகிரி வெட்டு ஒருவழியாகப் பொருந்தியது

பேண்ட்சாவில் (வளையமாக ஓடும் பிளேடு கொண்ட அறுக்கும் இயந்திரம்) 50 மி.மீ. சதுரக் குழாயை வெட்டிச் சட்டம் செய்தேன். மூலைகள் சேரவே இல்லை. குழாயை இறுக்கிப் பிடிக்கும் வைஸில் இருந்த டிகிரிக் கோடுகளை அப்படியே நம்பியிருந்தேன். 45 டிகிரியில் வெட்டுமுகத்தின் நீளம் சுமார் 71 மி.மீ. துண்டுக்கு அரை டிகிரி பிசகினாலே, சேருமிடம் 1.2 மி.மீ. வாய் பிளந்து நிற்கும்.

முதலில் பேண்ட்சாவின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிளேடின் பக்கத்தில், 90 டிகிரி பார்க்கும் மூலைமட்டத்தை வைத்தேன். பற்கள் இரண்டு பக்கமும் வளைந்திருப்பதால் அவற்றின் மேல் படக் கூடாது. பிளேடின் உடலில் மட்டும் ஒட்ட வேண்டும். அடியில் மெல்லிய வெளிச்சக் கீற்று தெரிந்தது. பிளேடே சாய்ந்திருக்கிறது! பிளேடை நேராகப் பிடிக்கும் கைடு பேரிங்குகளைத் தளர்த்தி, கீற்று மறையும்வரை கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி இறுக்கினேன். இதற்கே ஒரு மணி நேரம் ஆனது, ஆனால் முக்கியமான வேலை இதுதான்.

அப்புறம் வைஸின் அசையாத தாடையைக் கோணமானி கொண்டு பிளேடோடு ஒப்பிட்டே 45-க்கு வைத்தேன். கைடுகளைக் குழாய்க்கு நெருக்கமாகத் தள்ளினேன். தொய்வாக இருந்த பிளேடையும் இழுத்துக் கட்டினேன்.

சோதனைக்கு இரண்டு துண்டுகளை வெட்டிச் சேர்த்து மூலைமட்டம் பிடித்தேன். சரியாக 90.